நெரிசலும் குண்டும்: கூட்டத்தைக் காக்கும் ஆய்வுக்கு யார் பணம் கொடுப்பது?

கூட்டம் கூடும் இடத்துக்கு இரண்டு வழியில் ஆபத்து வருகிறது. குண்டு, துப்பாக்கி, கத்தி, கூட்டத்துக்குள் வேண்டுமென்றே ஏற்றப்படும் லாரி ஆகியவை வெளியிலிருந்து வருபவை. நெரிசல் கூட்டத்துக்குள்ளேயே பிறப்பது. 2019 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, இந்த இரண்டும் ஒரே நாளில் தமிழர் வாழும் ஊர்களில் உயிர் குடித்தன. அன்று இலங்கையில் ஈஸ்டர் வழிபாடு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்கள் என வரிசையாகத் தற்கொலைக் குண்டுகள் வெடித்ததில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாளில், திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த முத்தையம்பாளையம் கருப்பசாமி கோயிலில் பிடிக்காசு வாங்க முண்டியடித்த கூட்டத்தில் 7 பேர் நசுங்கி இறந்தனர்.

முதலாவதைப் பயங்கரவாதம் என்றும் இரண்டாவதை விபத்து என்றும் பிரித்து எழுதுவது செய்தித்தாளின் வழக்கம். வழக்குப் பதிவதும் விசாரணையும் நிவாரணமும்கூடத் தனித்தனி. ஆனால் ஓர் இடத்தின் வாசல் எத்தனை அகலம், உள்ளே எத்தனை பேர் நிற்கலாம், திடீரென்று ஒன்று நடந்தால் அத்தனை பேரும் எந்த வழியாக எத்தனை நிமிடத்தில் வெளியேறுவார்கள், அவர்களுக்கு யார் எப்படிச் சொல்வது என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் துறை ஒன்று கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது. கட்டடக்கலை, போக்குவரத்துப் பொறியியல், இயற்பியல், கணினியியல், உளவியல், குற்றவியல் என்று பல துறைகளின் கலப்பு அது. வெளிநாடுகளில் அதற்குப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு பணம் ஒதுக்குகிறது. இந்தியாவில் அந்தப் பணம் இன்னும் கேமராவுக்கே போகிறது.

சதுர மீட்டருக்கு எத்தனை பேர்

கூட்டத்தைப் பற்றிய ஆய்வு எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி நகர முடியும். ஐந்தைத் தாண்டும்போது ஆபத்து ஆரம்பம். ஏழு பேரைத் தொடும்போது மனிதர்கள் தனித்தனி ஆட்களாக இருப்பதில்லை; கூட்டம் ஒரு திரவமாக மாறிவிடுகிறது. அதற்குள் அலை எழும்பும். நிற்பவர் தன் காலால் நடக்காமலேயே பல மீட்டர் தூரம் அடித்துச் செல்லப்படுவார். அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1971-இல் வெளியிட்ட நூலிலிருந்து இந்தத் துறை தன் அடிப்படை அளவுகளைப் பெற்றது. கூட்டப் பேரிடர் எதையும் விசை, தகவல், இடம், நேரம் என்ற நான்கு சொற்களில் விளக்கலாம் என்று பின்னாளில் அவர் வகுத்தார்.

நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையில், நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஸ்டாம்பீட் என்ற சொல் மிரண்டு ஓடும் மாட்டு மந்தையிலிருந்து வந்தது; ஓடியவர்கள் மேல் பழியைப் போடுகிற சொல். தமிழின் ‘நெரிசல்’ அதைவிடத் துல்லியமானது. நெரிபடுவதே அங்கு நடப்பது. ஓட இடம் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஒரு வாசல் வழியாக எத்தனை பேர் போகலாம் என்பதற்கும் அளவு உண்டு. விளையாட்டரங்குகளுக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூல், ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று கணக்கு வைத்திருக்கிறது. மூன்று மீட்டர் வாசல் என்றால் மணிக்கு 14,760 பேர். அந்த ஒரே வாசலை ஒரு லட்சம் பேர் கடக்க ஏழு மணி நேரம் வேண்டும். எந்தத் திருவிழாவுக்கும் இந்தக் கூட்டல் பெருக்கலை முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். பந்தல்காரரிடம் செலவுக் கணக்கு கேட்கும் விழாக் குழுக்கள் இந்தக் கணக்கைக் கேட்பது அபூர்வம்.

படிக்கட்டின் அகலம் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை ஸ்ரீரங்கம் நேரிலேயே கண்டது. 2004 ஜனவரி 23 அன்று அங்குள்ள திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தபோது, குறுகலான படியில் இறங்க முடியாமல் மணமகன் உள்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது வன்முறை அல்ல, தீ விபத்து. ஆனால் வெளியேறும் வழி பற்றிய பாடம் ஒன்றுதான்.

நெரிசல் ஆய்வின் மிகப் பெரிய சோதனைக்களம் மெக்கா. 2006 ஜனவரி 12 அன்று அதை அடுத்த மினாவில் ஜமராத் பாலத்தருகே 340க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள் இறந்தனர். அந்த நேரத்தில் பதிவான வீடியோக்களை டிர்க் ஹெல்பிங் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் நொடி நொடியாக ஆராய்ந்தார்கள். சீராக நகரும் கூட்டம் முதலில் நின்று நின்று நகர ஆரம்பிக்கிறது; பின்பு அதற்குள் கொந்தளிப்பு பிறக்கிறது. நின்று நகரும் அலை தோன்றும் கட்டமே எச்சரிக்கை மணி என்பது அவர்கள் கண்ட முடிவு. பாலம் பல அடுக்குகளாகப் புதிதாகக் கட்டப்பட்டு, போவதும் வருவதும் தனிவழியாக்கப்பட்டன. அந்தப் பாலத்தில் சிக்கல் தீர்ந்தது. என்றாலும் 2015-இல் அதே மினாவில், பாலத்துக்குப் போகும் தெருச் சந்திப்பு ஒன்றில், அரசுக் கணக்கின்படியே 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆய்வு ஓர் இடத்தைக் காப்பாற்றினால் நெரிசல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். எனவே ஒருமுறை பணம் கொடுத்து, ஓர் அறிக்கை வாங்கி அலமாரியில் வைப்பதில் பலன் இல்லை.

வாசலுக்கு வெளியே நிற்கும் வரிசை

வன்முறையிலிருந்து காப்பது என்றதும் நினைவுக்கு வருவது மெட்டல் டிடெக்டர் வளைவு. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பையைத் திறந்து பார்த்து ஒருவரை அனுப்ப ஆறு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வளைவு மணிக்கு 600 பேரை அனுப்பும். பத்து வளைவுகள் வைத்தாலும் ஒரு லட்சம் பேருக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அத்தனை பேரும் எங்கே நிற்பார்கள்? வளைவுக்கு வெளியே, சோதனை செய்யப்படாத தெருவில். உள்ளே இருக்கும் கூட்டத்தைக் காக்க வைத்த சோதனையே வெளியே இன்னொரு கூட்டத்தை உண்டாக்கிவிடுகிறது.

தாக்குபவர்கள் இதை அறிந்தே இருக்கிறார்கள். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது சோதனைக்கு முந்தைய கூடத்தில். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் 22 பேரைக் கொன்ற குண்டு, இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியே வரும் முன்கூடத்தில் வெடித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சபையைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டு, தோள்பையோடு வந்தவனை உள்ளே விடாமல் தடுத்தார். உள்ளிருந்த நூற்றுக்கணக்கானோர் அதனால் தப்பினார்கள். ஆனால் வளாகத்திலேயே குண்டு வெடித்ததில் அவரும், ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்றிருந்த குழந்தைகளும் இறந்தனர்.

லாரியை ஆயுதமாக்கும் தாக்குதல் மற்றொரு வகை. 2016 ஜூலை 14 அன்று பிரான்சின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் 86 பேர் அப்படிக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு தெருவோரத் தடுப்புத் தூண்கள் ஒரு தனி ஆய்வுத் துறையாகிவிட்டன. இரண்டு தூண்களுக்கு இடையே அதிகபட்சம் 1.2 மீட்டர் இடைவெளி என்பது பரவலான விதி: சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது. இந்த விதியைத் தமிழ்நாட்டுக் கோயில் வீதியில் அப்படியே நட முடியாது, ஏனென்றால் அங்கே தேர் ஓட வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரும்போது உடனே விலகக்கூடிய தூண் தேரோடும் வீதிக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை மான்செஸ்டரிலோ நீஸிலோ யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய ஆய்வு இது.

காவலை எங்கே, எப்போது நிறுத்துவது என்பதில் கணிதம் கைகொடுத்த கதை ஒன்று உண்டு. பிலானியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான மிலிந்த் தாம்பே, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு ஒரு மென்பொருளை உருவாக்கினார். 2007-இல் அது லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கருத்து எளியது. எட்டு வாசலுக்கு மூன்று காவல் குழுக்களே இருக்கின்றன என்றால், தினமும் அதே மூன்று வாசலில் நிறுத்தினால் நோட்டமிடுபவன் ஒரு வாரத்தில் புரிந்துகொள்வான். மனிதர் மனம்போனபடி மாற்றினாலும் அதில் ஒரு பழக்கம் தெரிந்துவிடும். முக்கியமான வாசலுக்கு அதிக வாய்ப்பும் மற்றவற்றுக்குக் குறைந்த வாய்ப்பும் கொடுத்து, யாரும் ஊகிக்க முடியாதபடி குலுக்கிப் போட்டுத் தருவது கணினியின் வேலை. புது ஆட்களும் வேண்டாம், புதுக் கருவிகளும் வேண்டாம். இந்த வேலைக்குப் பணம் வந்தது, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2004-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் அமைத்த ஆய்வு மையத்தின் வழியாக.

உளவியல் ஆய்வு சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். 2005 ஜூலை 7 லண்டன் சுரங்க ரயில் குண்டுவெடிப்புகளில் பிழைத்தவர்களைச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் டுரூரியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். இருட்டில், புகையில், முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் தள்ளிவிட்டு ஓடியவர்கள் மிகச் சிலரே. ‘சொன்னால் மக்கள் பீதியடைவார்கள்’ என்று செய்தியை மறைப்பது அதிகாரிகளின் பழைய பழக்கம். பீதியைவிட அந்த மறைப்பே அதிக உயிர்களைக் கொல்கிறது என்பது இந்த ஆய்வுகளின் தீர்ப்பு. இலங்கையில் ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத் துறையின் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தும், அது தேவாலயங்களுக்குச் சொல்லப்படவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது அதிபராக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பணம் வரும் வழி

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமே பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு இடம் வைத்தது. அதன்படி அமைந்த மையங்களில் கூட்டம் கூடும் இடங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2021-இல் அறிவிக்கப்பட்ட மையம். பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம், கடைவீதி போன்ற காவல் குறைந்த இடங்களை ஆராய அதற்குப் பத்தாண்டுகளில் 3.6 கோடி டாலர் என்று திட்டமிடப்பட்டது. ஆனால் அரசுப் பணத்துக்கு அரசியலின் தயவும் வேண்டும். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் இயங்கும் பயங்கரவாத ஆய்வு மையத்துக்கு வந்துகொண்டிருந்த நிதியில் ஒரு பகுதியை 2025-இல் அமெரிக்க அரசு நிறுத்திவிட்டது. பத்தாண்டுத் தரவு சேர்க்கும் வேலைக்கு நான்காண்டு ஆட்சி எசமானனாக இருப்பதில் உள்ள சங்கடம் இது.

பிரிட்டன் 2015-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு அச்சுறுத்தல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது. உளவு அமைப்புகளும் அதற்குப் பணம் தருகின்றன. ஆனால் பணம் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் வழியாகப் போகிறது, முடிவுகள் வெளிப்படையாக அச்சாகின்றன. இந்த இடைச்சுவர் முக்கியமானது. பணம் கொடுப்பவரே முடிவையும் தீர்மானித்தால் அது ஆய்வாக இருக்காது. மான்செஸ்டரில் மகனை இழந்த ஒரு தாயின் நெடுங்காலப் போராட்டத்தால் 2025 ஏப்ரலில் அங்கே ஒரு சட்டமும் வந்துவிட்டது. அதன்படி 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடத்தின் பொறுப்பாளர் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் ஏற்பாடுகள் வேண்டும்.

இந்தியாவில் 2013-இல் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம், நூறு பேருக்கு மேல் கூடும் நிறுவனங்களில் கேமராவும் நுழைவுக் கட்டுப்பாடும் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் கூட்ட மேலாண்மைக்கு ஒரு விரிவான வழிகாட்டி வெளியிட்டது. நல்ல நூல், எத்தனை காவல் நிலையங்களில் அது இருக்கும் என்பது வேறு கேள்வி. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து சென்னை உள்பட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் 2018-இல் ஒப்புதல் பெற்றது. அதில் கண்ணுக்குத் தெரிவது கேமராதான்.

ஆய்வு என்ற அளவில் இந்தியாவில் பெயர் சொல்லத்தக்க முயற்சி, 2016 உஜ்ஜைன் சிம்ஹஸ்த கும்பமேளாவில் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, இரு நாட்டு அரசு நிதியில், பல லட்சம் பேர் நடக்கும் வழிகளில் கூட்டத்தின் ஓட்டத்தை அளந்தார்கள். ஐரோப்பிய ரயில் நிலையத்தில் அளந்த எண்கள் இந்தியத் திருவிழாவுக்குப் பொருந்தாது என்பதே அப்படியோர் ஆய்வின் தேவைக்குக் காரணம். இங்கே மக்கள் குடும்பம் குடும்பமாக, கையைக் கோத்துக்கொண்டு, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடக்கிறார்கள். பாதிப் பேர் வெறுங்காலோடு.

துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம்

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி ஒரு தொழில் ஊர். பாரத மிகுமின் நிறுவனம், அதைச் சுற்றி வளர்ந்த சிறுதொழில் பட்டறைகள், சற்றுத் தள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை. பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயுதம் செய்ய இந்த வட்டாரத்தில் பணமும் திறமையும் எப்போதும் கிடைத்திருக்கின்றன. ஆயுதத்திலிருந்து ஒரு கடைவீதியைக் காப்பதற்கான அறிவுக்கும் இங்கே அடித்தளம் இருக்கிறது. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான நிறுவனம் துவாக்குடியில் சுமார் 800 ஏக்கரில் இருக்கிறது. போக்குவரத்துப் பொறியியல், கட்டடக்கலை, கணினியியல், மேலாண்மை என்று இந்த ஆய்வுக்கு வேண்டிய துறைகள் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் உள்ளன. 2022 மே மாதம் அங்கே ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி இயங்கத் தொடங்கியது. அதன் வேகம் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. ஒரு லட்சம் பேர் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று கணினிக்குள் ஒரு திருவிழாவையே நடத்திப் பார்க்க அது போதும். குற்றவியல் வேண்டுமென்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இருக்கிறது.

துவாக்குடியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, உலகில் எந்தக் கூட்ட ஆய்வாளரும் கொடுத்துவைத்தவன் என்று நினைக்கக்கூடிய களம். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். வெளி மதில்களுக்குள் கோயில் மட்டும் இல்லை. வீடு, கடை, பள்ளி என்று ஓர் ஊரே குடியிருக்கிறது. மதில்கள் எழுந்ததே பக்திக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தபோது உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தெற்கே போனதும், மூலவரை மறைத்து வாசலில் சுவர் எழுப்பியதும், 1371-இல் உற்சவர் திரும்பியதும் கோயில் மரபு காக்கும் நினைவுகள். 1750களில் பிரெஞ்சுப் படையும் இதே மதில்களுக்குள் தங்கியது. பகைவனை வெளியே நிறுத்தக் கட்டிய மதில், இன்று உள்ளே இருப்பவர் வெளியேற எத்தனை வாசல் விட்டிருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க வைக்கிறது.

வைகுண்ட ஏகாதசியன்று விடியும் முன் ரத்னாங்கி சாற்றி நம்பெருமாள் புறப்பட, வடபுறத்துப் பரமபத வாசல் திறக்கிறது. லட்சக்கணக்கானோர் ஒரே வாசலை, ஒரே பொழுதில், ஒரே திசையில் கடக்க விரும்புகிறார்கள். ஃப்ரூயின் சொன்ன நான்கில் ‘நேரம்’ என்பது இதுதான். மரபு தானே ஒரு தீர்வையும் வைத்திருக்கிறது: அன்று தொடங்கும் இராப் பத்து விழாவின் மற்றப் பல நாட்களிலும் வாசல் திறக்கப்படுகிறது. கூட்டம் மட்டும் முதல் நாளையே கேட்கிறது. அடுத்த நாட்களுக்கு ஒரு பகுதிக் கூட்டத்தை நகர்த்த எந்தச் செய்தி, எந்தப் பேருந்து ஏற்பாடு, எந்த அறிவிப்பு உதவும் என்பது உளவியலும் போக்குவரத்தும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி.

ஊரே ஒரு தீவு என்பது மற்றொரு சிக்கல். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மாநகரோடு ஸ்ரீரங்கத்தை இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் கட்டப்பட்டது; 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க அது மூடப்பட்டபோது ஊர் பட்ட பாடு திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். பெரிய அசம்பாவிதம் நடந்தால் ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் மக்கள் வெளியே போகவும் எந்தப் பாலம், எந்தத் திசை என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் மலைக்கோட்டை அடிவாரத்தில் தெப்பக்குளம், என்.எஸ்.பி. சாலை, பெரிய கடைவீதி ஆகியவையும் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்கின்றன. காவல்துறை அங்கே கண்காணிப்புக் கோபுரமும் கேமராவும் வைக்கிறது. ஜேப்படித் திருடனைப் பிடிக்க அது உதவுகிறது. தெருவில் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று அந்தக் கேமரா சொல்ல வேண்டுமானால், பின்னால் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும்.

யாருடைய பிள்ளை

இப்படியொரு ஆய்வுக்குத் திருச்சியில் ஒரு பேராசிரியர் பணம் கேட்டால் யாரிடம் போவார்? சட்டம் ஒழுங்கு மாநிலக் காவல்துறைக்கு. கோயில் அறநிலையத் துறைக்கு. தெரு மாநகராட்சிக்கு. பேரிடர் வருவாய்த் துறைக்கு. ஆய்வு கல்வி, அறிவியல் அமைச்சகங்களுக்கு. 1970 முதல் இருக்கும் காவல்துறை ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு காவல் அறிவியலில் சில ஆய்வு உதவித்தொகைகள் தருகிறது. 2023-இல் சட்டமாகி 2024-இல் நடைமுறைக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று பெரிய இலக்கு வைத்திருக்கிறது. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியாவில் இது 4 சதவீதத்துக்கும் மேல். தனியார் நிறுவனம் மருந்துக்கும் மின்கலத்துக்கும் பணம் போடும். லாபம் கண்ணுக்குத் தெரியும். நடக்காமல் போன நெரிசலில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால்தான் இந்தத் துறைக்குப் பொதுப் பணம் தவிர வேறு வழி இல்லை.

பணம் கிடைத்தாலும் தரவு கிடைக்க வேண்டும். கேமராப் பதிவைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கக் காவல்துறை தயங்குவதில் நியாயம் இருக்கிறது: எந்த வாசல் பலவீனம் என்று ஆய்விதழில் அச்சானால் அதைத் தவறானவனும் படிப்பான். பேராசிரியருக்கோ கட்டுரை வெளியிட்டால்தான் பதவி உயர்வு. முறையைப் பொதுவில் வெளியிட்டு, குறிப்பிட்ட இடத்தின் விவரத்தை மட்டும் மூடிய உறையில் கொடுப்பது பல நாடுகளில் உள்ள சமரசம். அடுத்தது, கூட்டத்தில் நடப்பவரின் முகம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடர்த்தியை அளக்க முகம் தேவையில்லை, தலைகளை எண்ணினால் போதும். முகமறியும் கருவியைக் கூட்டப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்பவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவது, பணம் ஒதுக்கும் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 பேர் நெரிபட்டு இறந்தனர். யார் விசாரிப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அக்டோபரில் சிபிஐ கைக்கு வந்தது. விசாரணை யார் குற்றவாளி என்று கேட்கும், கேட்கவும் வேண்டும். அந்தத் தெருவில் எந்த நிமிடத்தில், எந்த மூலையில் அடர்த்தி ஏழு பேரைத் தாண்டியது என்பதை ஆய்வுதான் கேட்கும். மாநில அரசு இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது; மொத்தம் 4 கோடியே 10 லட்சம். குடும்பங்களுக்கு அது சேர வேண்டிய பணம், அதில் பேச்சில்லை. ஒரு முனைவர் பட்ட ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அடுத்த மூன்று ஆண்டுகள் 42,000 ரூபாயும் மத்திய அரசு உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி நீங்கலாக ஐந்தாண்டுக்கு 24 லட்சம் ரூபாய். அந்த 4 கோடியே 10 லட்சத்தில் 17 பேர் ஐந்தாண்டு ஆய்வை முடித்துவிடலாம்.